வாக்கிங் விட்டுப்போகாமல் இருக்க: ‘போனியா?’ என்று கேட்க ஓர் ஆளைப் பிடிப்பது எப்படி

போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-ஐத் தொட்டால் எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். “நடங்கம்மா” என்றார் டாக்டர். நானும் நடந்தேன், நாலு நாள். ஷூ இல்லாததுதான் குறை என்று தோன்றியது, ஷூ வாங்கினேன். அது அட்டைப்பெட்டியிலேயே சமத்தாக இருந்தது.

இப்போது எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஷூவோ, மன உறுதியோ காரணமில்லை. காலை ஏழரைக்குள் ஒரு அக்காவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பது மட்டும்தான் இந்தப் பதிவு. எப்படி நடப்பது, என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்

“அஞ்சு கிலோ குறைப்பேன்” என்று எழுத வேண்டாம். இரண்டு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் எடை நம் பேச்சைக் கேட்காது. காலை எடுத்து வைப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. என் வரி இது: “காலை ஆறு மணி, தெப்பக்குளம், இரண்டு சுற்று, வாரம் ஐந்து நாள்.”

மதுரைக்காரர்களுக்குத் தெரியும், வண்டியூர் தெப்பக்குளம் ஒரு பக்கம் சுமார் 305 மீட்டர், மறுபக்கம் 290. ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வரும். கொஞ்சம் வேகமாக இரண்டு சுற்று போனால் அரை மணி. ஐந்து நாளுக்கு 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இவ்வளவாவது வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்து, ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தது. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வைத்த பெயர் அது, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுப்பது

வீட்டுக்காரர் வேண்டாம். முதல் நாள் “எழுந்திரும்மா” என்பது அக்கறையாகக் கேட்கும். மூன்றாம் நாள் அதே வார்த்தை வம்பாகக் கேட்கும். எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் தோசைக்கரண்டி சத்தமாகப் பேசியது.

வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். பதினாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். இரண்டே வாரத்தில் ரோஜாப்பூ, காலை வணக்கம், யார் வீட்டிலோ காணாமல் போன பூனை. நான் போகாததை ஒருவரும் கவனிக்கவில்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரே ஒரு ஆள் போதும். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வரக்கூடிய ஆள். ரொம்ப நெருக்கம் என்றால் மன்னித்துவிடுவார்கள். ரொம்ப மரியாதைப்பட்டவர் என்றால் நாமே பூசி மெழுகுவோம். எனக்குக் கிடைத்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு அக்கா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பதிவேடு எழுதியே பழகிய கை.

அவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது முக்கியம். அக்காவுக்கு மூட்டுவலி, தினமும் இருபது நிமிடம் கால் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவரைக் கேட்பேன், அவர் என்னைக் கேட்பார். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் சீக்கிரம் மாமியார் ஆகிவிடுவார்.

படி 3: என்ன சொல்வது

ஏழரைக்குள் ஒரே வார்த்தை. “போனேன்” அல்லது “போகல”. போட்டோ, காரணம் எதுவும் வேண்டாம். அதற்கு மேல் எழுத வேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

படி 4: போகாத நாளுக்கு என்ன செய்வது (நான் விழுந்த இடம் இதுதான்)

முதல் மூன்று வாரம் தினமும் “போனேன்” என்று அனுப்பினேன். நாலாவது வாரம் ஒரு நாள், பையனுக்குக் காய்ச்சல், போகவில்லை. சரி, நாளைக்குப் போய்விட்டுச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று எதுவும் அனுப்பவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் என்னவென்று சொல்வது என்று வெட்கமாகிவிட்டது. அக்காவின் மெசேஜைத் திறக்காமலே விட்டேன். மொத்தம் பதினோரு நாள். காய்கறி வாங்கக்கூட அவர் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். அந்தச் சுற்றே ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

கடைசியில் அவரே வந்துவிட்டார். “ஏம்மா, மூச்சுப் பேச்சே காணோம்?” கையில் நீள நோட்டு. என் பேருக்கு நேரே பதினோரு கட்டம் வெறுமையாக இருந்தது. “பள்ளிக்கூடத்துல பிள்ளை வரலைன்னா ‘வ’ போடுவோம். வெறும் கட்டமா விட மாட்டோம். நீ வரலைன்னு சொல்லு, போட்டுட்டுப் போறேன். இப்படி விட்டா எனக்குக் கணக்கு நிக்காது.”

அன்றுதான் உறைத்தது. என்னை நிறுத்தியது போகாத நாள் அல்ல, சொல்லாத நாள். அதனால் எங்கள் விதியை மாற்றினோம்: “போகல” என்று சொல்லிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. திட்டு கிடையாது, அறிவுரை கிடையாது. ஒரு நாள் எதுவுமே வரவில்லை என்றால் மட்டும் அடுத்தவர் போன் போட வேண்டும். இதை ஆரம்பிக்கும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள். தவறிய பிறகு பேசலாம் என்று விட்டால் பேசவே வாய் வராது.

படி 5: அபராதம் வேண்டாம்

நடுவில் ஒரு மாதம், போகாத நாளுக்கு உண்டியலில் ஐம்பது ரூபாய் என்று வைத்துப் பார்த்தோம். ஐம்பது ரூபாயைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்! இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் கூடியது. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்திகினி என்ற பொருளாதார அறிஞர்கள் 2000-இல் இந்த ஆய்வை வெளியிட்டார்கள். காசு கட்டியாயிற்று, அப்புறம் கூச்சம் எதற்கு?

கருவிகள்

மாதக் காலண்டரும் சிவப்புப் பேனாவும் போதும், அடுப்படியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டுங்கள். அடி எண்ணும் ஆப்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலூர் வரை பைக்கில் போய் வந்த நாளில் என் வீட்டுக்காரரின் போன் அவர் நடந்ததாகச் சொன்னது. அவரும் மறுக்கவில்லை.

பிறகு சேர்த்தது: படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் கேட்டது, இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஏழரை ஒத்து வருமா என்று. வராது. கடிகார நேரத்தை விட்டுவிட்டு, “எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள்” என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: துணை ஆளே பாதியில் விட்டுவிட்டால்? இரண்டு முறை போன் போடுங்கள், வராவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் வேறு ஆளைப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு: ஐப்பசி அடைமழையில் தொடர்ந்து ஆறு நாள் “போகல” என்று அனுப்பினேன். ஏழாம் நாள் அக்காவிடமிருந்து ஒரே வரி: “குடை இருக்கா, இல்ல நான் கொண்டு வரவா?”