சென்னையின் பழைய கிளப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய கிளப்புகளுக்கு விருந்தினராகச் செல்பவர்களும், அவற்றின் வரலாற்றை எழுத முற்படுபவர்களும், பெரும்பாலும் கண்ணில் படும் கட்டடத்தை வைத்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கிளப் என்பது முதலில் அதன் உறுப்பினர்களின் கூட்டமைப்பு; கட்டடம் பிறகு வருவது.

மெட்ராஸ் கிளப்பையே எடுத்துக்கொள்வோம். அடையாற்றங்கரையில் குவிமாடத்துடன் நிற்கும் வெண்மாளிகையைப் பார்ப்பவர்கள், 1832இல் கிளப் அங்கேதான் தொடங்கியது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அது பிழை. அந்த மாளிகை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நிலம் பெற்ற ஜார்ஜ் மௌப்ரே என்ற கும்பெனி அதிகாரியின் தோட்ட வீடு, இன்றைய டி.டி.கே. சாலை முன்பு மௌப்ரேஸ் சாலை என வழங்கியதும் அவர் பெயரால்தான். 1890இல் உருவான அடையாறு கிளப் அந்த வீட்டில் இயங்கி வந்தது. அண்ணா சாலைப் பகுதியில் நெடுங்காலம் இருந்த மெட்ராஸ் கிளப், 1963இல் அடையாறு கிளப்புடன் இணைந்த பிறகே அங்கு குடியேறியது. கிளப்பின் வயதையும் கட்டடத்தின் வயதையும் ஒன்றாக்கி எழுதும்போது, ஒரு முழு கிளப்பின் வரலாறே காணாமல் போய்விடுகிறது என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

பழைய கிளப்புகள் யாவும் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தன என்று பொதுப்படையாகச் சொல்வதும் சரியன்று. மெட்ராஸ் கிளப் ஐரோப்பியருக்கென்றே தொடங்கப்பட்டது. ஆனால், 1873இல் தோன்றிய காஸ்மாபாலிட்டன் கிளப், இந்தியரும் ஐரோப்பியரும் கூடிப் பழகுவதற்காகவே அமைக்கப்பட்டது.

வசதிகளைப் பொறுத்தவரை, நூலகம், சீட்டாட்ட அறை, பில்லியர்ட்ஸ் மேசை, டென்னிஸ் களம், உணவுக்கூடம், தங்கும் அறைகள் ஆகியவற்றை ஓட்டல் வசதிகளைப் போல எண்ணிவிடக் கூடாது. விருந்தினரை அழைத்துச் செல்லும் உறுப்பினரே வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறார், ரசீதில் கையெழுத்திடுகிறார், விருந்தினரின் நடத்தைக்கும் பொறுப்பேற்கிறார். ஆகவே, அவர் வருவதற்கு முன்பே உள்ளே சென்று உணவு வரவழைப்பதோ, பிற உறுப்பினர்கள் படத்தில் விழும்படி கைப்பேசியில் படமெடுப்பதோ அவரைத்தான் சங்கடத்தில் ஆழ்த்தும். வேறு ஊர் கிளப்பின் உறுப்பினர்கள், தங்கள் கிளப்புடன் பரஸ்பர உடன்பாடு உண்டா என்பதை உறுதிசெய்து, அறிமுகக் கடிதத்தையும் கையோடு கொண்டுவர வேண்டும். உறுப்பினர் அட்டை மட்டும் போதும் என்று நம்பி வருபவர்கள் வாசலிலேயே காத்திருக்க நேரிடும்.

உடை விஷயத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் கிளப் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபுடைகளையோ காரணம் காட்டி, மனமகிழ் மன்றங்கள் உள்ளிட்ட பொது இடங்களில் எவரையும் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதை அறியாமல் இன்றும் வேட்டியைத் தவிர்ப்பது முதல் தவறு. இச்சட்டம் எல்லா உடை விதிகளையும் நீக்கிவிட்டதாக எண்ணி, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக உணவுக்கூடத்துக்குச் செல்வது மற்றொன்று. அத்தகைய விதிகள் கிளப்புக்குக் கிளப் வேறுபடுவதால், அழைத்தவரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது.