பீரியட் பேன்டி வாங்கும் முன் துணிக்கொடியைப் பாருங்கள்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, அந்தத் துவைச்சுத் துவைச்சுப் போடுற பீரியட் பேன்டி நல்லதா, எதை வாங்கறது?" என்று கேட்டாள். பெல் அடிப்பதற்குள் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன், எழுத உட்கார்ந்ததும் இவ்வளவு நீண்டுவிட்டது. பீரியட் பேன்டி என்றால் நாப்கின் வைக்காமல், தானே ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் உள்ளாடை. நான் மூன்று வருடமாக இதைத்தான் போடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை, அதனால் துணியையும் தையலையும் புரட்டிப் பார்க்கிற பழக்கம் கூடவே வந்துவிட்டது.

எல்லோரும் முதலில் எந்த பிராண்ட் என்றுதான் கேட்கிறார்கள். பிராண்ட் அப்புறம். இதைத் துவைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, காயவைப்பதுதான் வேலை. சரியாகக் காயாத பீரியட் பேன்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் நாறும், அரிக்கும், ஆறு மாதத்தில் மூலையில் கிடக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் கொடியைப் பார்க்கச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் வீட்டில் துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது?

ஒரு சின்ன டர்க்கி டவலை எடுத்து இரண்டாக மடித்து, நனைத்துப் பிழிந்து, பேன்டியை எங்கே காயப்போடுவீர்களோ அதே இடத்தில் தொங்கவிடுங்கள். மடிப்பைப் பிரிக்க வேண்டாம். அது முழுசாகக் காய எவ்வளவு நேரம் ஆகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் இதற்கும் ஆகும். காலையில் போட்டது சாயங்காலம் காய்ந்துவிட்டால் உங்களுக்கு நான்கு இருந்தால் தாராளம். ஹாஸ்டல் ரூமுக்குள், வெயில் படாத பால்கனியில், இரண்டு நாள் ஆகிறது என்றால் ஆறோ ஏழோ வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டி வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஆறு வாங்காதீர்கள். முதலில் ஒன்று அல்லது இரண்டு. ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு மீதி.

படி 2: உங்கள் ரத்தப்போக்கு எவ்வளவு?

ஒரு மாதவிடாய் முழுக்கச் சேர்த்து சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம்தான் போகும். கேட்டால் நம்ப முடியாது, ஆனால் அவ்வளவுதான். 80 மில்லியைத் தாண்டினால் அதை அதிகப் போக்கு என்பார்கள். ஆக, பெட்டியில் "20 மில்லி உறிஞ்சும்" என்று போட்டிருந்தால் அது சின்ன அளவில்லை. ஒரு டீஸ்பூன் 5 மில்லி, அப்படியானால் அது நான்கு டீஸ்பூன்.

"12 மணி நேரம் தாங்கும்" என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மணி நேரம் உங்கள் உடம்பைப் பொறுத்தது. ஐந்தாம் நாள் 12 மணி நேரம் தாங்குவது இரண்டாம் நாள் நாலு மணி நேரத்திலேயே நிறையலாம். மில்லி கணக்கு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் எத்தனை நாப்கினுக்குச் சமம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் பகலுக்கு அதிகம் உறிஞ்சுவது, ராத்திரிக்குப் பின்பக்கம் இடுப்பு வரை உறிஞ்சும் துணி வைத்துத் தைத்தது, நாலாம் நாளிலிருந்து மெல்லியது. மல்லாந்து படுப்பவர்களுக்குப் பின்பக்கம்தான் கசியும், குப்புறப் படுப்பவர்களுக்கு முன்பக்கம். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு "சரியில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

படி 3: உள்ளே திருப்பிப் பாருங்கள்

என்னுடைய முதல் பேன்டி பழசானபோது கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். நான்கு அடுக்கு. உடம்பைத் தொடுவது காட்டன். அதன் கீழே டவல் மாதிரிப் புசுபுசுவென்று உறிஞ்சும் துணி. மூன்றாவது பி.யூ.எல்., அதாவது பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர் துணி. ஈரத்தை வெளியே விடாமல் நிறுத்துவது இந்த மெல்லிய படலம்தான். கடைசியில் வெளிப்பக்கத்து காட்டன் லைக்ரா.

இந்தப் படலத்தில் ஊசி இறங்கினால் ஓட்டைதான். அதனால் தொடையிடுக்கில் வரும் தடித்த பகுதியை, எங்கள் தொழிலில் கஸ்ஸெட் என்போம், அதை வெளிப்பக்கம் திருப்பி நடுவில் தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லா அடுக்கையும் குத்திக்கொண்டு நடுவில் குறுக்கே தையல் போயிருந்தால் அந்த வழியாகக் கசியும். நல்லதாகத் தைத்ததில் படலத்தின் விளிம்பு கால் வளையத்துத் தையலுக்குள்ளேயே பிடிபட்டிருக்கும், நடுப்பகுதி சுத்தமாக இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் உள்பக்கப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். உள்பக்கத்தைக் காட்டாத கடையில் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று, பி.எஃப்.ஏ.எஸ். என்ற ரசாயனக் குடும்பம். தண்ணீரும் கறையும் ஒட்டாமல் இருக்கத் துணிகளில் பயன்படுத்துவது, எளிதில் சிதையாமல் தங்கிவிடும். இதைப் பற்றித்தான் அமெரிக்காவில் தின்க்ஸ் என்ற பீரியட் பேன்டி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த நிறுவனம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், வாங்கியவர்களுக்கு 50 லட்சம் டாலர் வரை தருவதாக 2023-இல் சமரசம் செய்துகொண்டது. லேபிளில் பி.எஃப்.ஏ.எஸ். இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டில் மறுபடி பயன்படுத்தும் நாப்கினுக்கும் பீரியட் பேன்டிக்கும் சேர்த்து ஐ.எஸ். 17514 என்று 2021-இல் ஒரு தரநிலை வந்திருக்கிறது. அந்த எண் போட்டிருந்தால் அதற்கே முதலிடம் கொடுப்பேன். "கிருமிநாசினி பூசியது", "வாசனையுள்ளது" என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை. துவைத்துக் காயவைத்தால் போதும்.

படி 4: அளவு

கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் உறிஞ்சும் சக்தி குறைவு இல்லை, கால் வளையத்தில் இருக்கும் இடைவெளிதான். டெய்லர் டேப்பால் இடுப்பையும், பின்பக்கம் அகலமான இடத்தில் சுற்றளவையும் அளந்து, அந்த பிராண்டின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வழக்கமாகப் போடுவது எக்ஸ்எல் என்பதால் இதிலும் எக்ஸ்எல் என்று எடுக்காதீர்கள், ஒவ்வொருவர் பட்டியலும் வேறு.

நான் முதலில் வாங்கியது ஒரு அளவு பெரியது. இறுக்கமாக இருக்கக் கூடாது என்று நினைத்து எடுத்தேன். நின்றால் ஒன்றுமில்லை, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்ததில் தொடைப்பக்கம் கசிந்து சுடிதாரில் கறை பட்டு, பையை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது போட்டதும் ஒரு தடவை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். தொடை ஓரத்தில் ஒரு விரல் தாராளமாக நுழைந்தால் அது பெரியது. கழற்றினால் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தால் சின்னது. சிசேரியன் ஆனவர்கள் தையலுக்கு மேலே ஏறி நிற்கும் உயர இடுப்பு மாடலைப் பாருங்கள்.

படி 5: போடும் முன்

புதியதை அப்படியே போடாதீர்கள். இரண்டு தடவை துவைத்துக் காயவைத்த பிறகுதான் உள்ளிருக்கும் துணி நன்றாக உறிஞ்ச ஆரம்பிக்கும். அப்புறம் பழைய செய்தித்தாள் மேல் கஸ்ஸெட்டை விரித்து வைத்து, இரண்டு டீஸ்பூன் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டு உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். மேலே ஈரம் தேங்கக் கூடாது, கீழே தாளில் நனைந்த தடம் வரக் கூடாது.

முதல்முறை போடுவது வீட்டில் இருக்கிற நாளாக இருக்கட்டும். அடுத்தது ஒரு ராத்திரி, பழைய பெட்ஷீட் விரித்து. நம்பிக்கை வந்த பிறகு வேலைக்கு.

வெளியில் மாற்றுவதுதான் இதில் உண்மையான சிரமம். புடவையிலோ பாவாடையிலோ சுலபம். சுடிதார் பேன்ட் என்றால் அதை முழுசாகக் கழற்றினால்தான் பேன்டியை மாற்ற முடியும், ஈரத் தரையும் ஆணி இல்லாத கதவும் உள்ள டாய்லெட்டில் அது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். பக்கவாட்டில் கொக்கி வைத்த மாடல்களும் வருகின்றன, வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். அதிகம் போகிற நாளில் நான் மதியத்துக்கு ஒரு சாதாரண நாப்கினும் வழக்கமான உள்ளாடையும் வைத்துக்கொள்வேன், எல்லா நாளும் இதிலேயே ஓட்ட வேண்டும் என்று கட்டாயமா என்ன? கழற்றியதை உள்பக்கமாகச் சுருட்டி, தண்ணீர் புகாத ஜிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அன்றைக்கே அலசிவிட வேண்டும்.

நிறையாவிட்டாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே போட்டிருக்காதீர்கள்.

படி 6: துவைப்பது

1. பச்சைத்தண்ணீரில் மட்டும் அலசுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தத்தில் இருக்கும் புரதம் முட்டை வேகிற மாதிரி இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கறை போகவே போகாது.

2. குழாயடியில் கஸ்ஸெட்டை விரலால் அழுத்தி அழுத்தி விடுங்கள். பேன்டி கறுப்பாக இருப்பதால் போய்விட்டதா என்று துணியைப் பார்த்துத் தெரியாது. ஒரு வெள்ளை மக்கில் தண்ணீர் பிடித்து அதில் முக்கிப் பிழிந்து பாருங்கள். முதலில் சிவப்பு, அப்புறம் ரோஸ், அப்புறம் தெளிவு. எனக்கு ஐந்தாறு தடவை ஆகும்.

3. பிறகு கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட். உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் கட்டிச் சோப்பு வேண்டாம், அது கடின நீரோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து துணியை மொடமொடப்பாக்கும், உறிஞ்சுவதும் குறையும். மெஷினில் போடுவதானால் வலைப்பைக்குள் போட்டு, பச்சைத்தண்ணீரில் மற்ற துணிகளோடேயே போடலாம். ஏற்கெனவே அலசியாகிவிட்டதே, இதில் தீட்டு ஒன்றும் இல்லை.

4. கல்லில் அடிக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், அந்தப் படலம் விரிசல் விடும். டவலுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் வந்துவிடும். ப்ளீச் படலத்தையும் எலாஸ்டிக்கையும் கெடுக்கும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற கண்டிஷனர் நூல் மேல் மெழுகு மாதிரிப் படிந்து ஈரத்தை உள்ளே விடாது. இரண்டும் வேண்டாம்.

படி 7: காயவைப்பது

எங்கள் வீடு ஐந்து குடித்தனத்துக்கு ஒரே மொட்டை மாடி. ஆரம்பத்தில் கூச்சப்பட்டு, பேன்டியைப் போட்டு அதன் மேல் நைட்டியைப் போர்த்திக் காயவைத்தேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து வைத்தால் இரண்டு நாளில் ஈர வாடை. அடுத்த மாதம் போட்டபோது தொடையிடுக்கெல்லாம் அரிப்பு.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா வடகம் எடுக்க வந்தவர் நைட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, இத்தன கெட்டியா இருக்குது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பிதுக்கிப் பார்த்தார். "எங்க காலத்துல பழைய சீலத் துணிய அலசி எரவாணத்துல சொருகி வெப்போம். ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு வெயிலே காட்ட மாட்டோம். தொடையெல்லாம் புண்ணாயிரும். நீ எதுக்குப் போத்தி வெக்கற? தெக்கால இருக்கற கொடியில போடு, அதுதான் சாயங்காலம் வரைக்கும் வெயிலு." அன்றையிலிருந்து தெற்குக் கொடிதான்.

உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பி, கஸ்ஸெட் மடங்காமல் இரண்டு கிளிப் போட்டு, காற்று இரண்டு பக்கமும் போகும்படித் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் எடுத்துவிடுங்கள், நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் எலாஸ்டிக் தளரும். காய்ந்ததா என்று விரல் நுனியில் பார்த்தால் ஏமாறுவோம். கஸ்ஸெட்டைக் கன்னத்தில் ஐந்து நொடி அழுத்திப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டாண்டில் போடுங்கள். அவசரத்துக்கு இஸ்திரி போட வேண்டாம், படலம் உருகி விட்டுப்போகும். துவைத்த பிறகும் வாடை அடித்தால், சோப்பு இல்லாமல் இரண்டு தடவை வெறும் தண்ணீரில் நன்றாக அலசி ஒரு முழுப் பகல் வெயில் காட்டுங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

செலவும் ஆயுளும்

ஒன்று சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை இருக்கிறது. 600 ரூபாய் என்று ஐந்து வாங்கினால் 3,000. மாதம் 15 நாப்கின், ஒன்று 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,440. போட்ட பணம் திரும்ப இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அதனால் அதற்கு முன் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால்தான் லாபம். எலாஸ்டிக் இழுத்தால் திரும்பாதது, வெளிச்சத்தில் பிடித்தால் படலம் செதில் செதிலாகத் தெரிவது, படி 5-இல் சொன்ன தண்ணீர்ச் சோதனையில் தாள் நனைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் வெளியில் போட்டுப் போகாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. அதிகம் உறிஞ்சும் பேன்டியே ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறைகிறது, அல்லது ஏழு நாளுக்கு மேல் நீள்கிறது, பெரிய கட்டிகளாகப் போகிறது என்றால், இன்னும் பெரிய பேன்டி தேடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் போய், ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.