திருவையாறு ஆராதனைக்குப் போகும் சீலியாக் நோயாளிகளுக்கு

காவிரிக்கரைப் பந்தலைச் சுற்றிச் சாப்பாட்டில் அரிசிதானே, பயமில்லை என்று நினைக்க வேண்டாம். சீலியாக் உள்ளவர்களின் குடலுக்கு ஆகாத குளூட்டன் (கோதுமை, பார்லியில் இருக்கும் புரதம்) இட்லியில் கிடையாது, சிக்கல் சாம்பாரில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். பொங்கல், தயிர்சாதத் தாளிப்பு, மிளகாய்ப்பொடி எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடும். தோசைக்கல்லில் அதற்கு முன் ரவா தோசையோ சப்பாத்தியோ போட்டிருப்பார்கள். உளுந்து வடை நல்லதுதான், ஆனால் பூரி பொரித்த அதே எண்ணெய்.

கடைக்காரரிடம் "குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால் பயனில்லை. "கோதுமை, மைதா, ரவை, கூட்டுப் பெருங்காயம் ஏதாவது சேர்த்தீங்களா? எண்ணெய் தனியா?" என்று கேளுங்கள்.

நிம்மதியாகக் கச்சேரி கேட்க, புளியோதரை கட்டிக்கொண்டு போவதே மேல். பெருங்காயமே போடாமல், அல்லது அரிசிமாவு கலந்த வகை போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கிளறுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீர்கோத்துச் சீக்கிரம் ஊசிப்போகும். தொட்டுக்கொள்ள வாழைக்காய் வறுவல், வீட்டில் பொரித்ததாக இருக்கட்டும். ஸ்பூனும் உங்களுடையதே. ஃபில்டர் காபி தாராளமாகக் குடிக்கலாம். பார்லி சேர்ந்த மால்ட் பானங்கள் மட்டும் வேண்டாம்.