முதல் மானிய விண்ணப்பம்: தெருவிலிருந்து தொடங்குங்கள்

முதியோருக்கு வாரம் ஒருமுறை மதியச் சாப்பாடு, பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு. இங்கிலாந்தில் நம் தெருவுக்கு இப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் பணம் என்றதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். முதல் விண்ணப்பத்துக்கு நான் சொல்வது, நஷனல் லொட்டரி கொமியூனிட்டி ஃபண்ட் நடத்தும் ‘அவார்ட்ஸ் ஃபோர் ஓல்’ திட்டம். 300 பவுணிலிருந்து 20,000 பவுண் வரை, கூடினால் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. லொட்டரிச் சீட்டு விற்ற பணத்தில் ஒரு பங்குதான் இது. ஒரு நாளும் பரிசு விழாத எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

படி 1: குழுவைச் சரிசெய்யுங்கள்

தனிநபருக்கு இந்தப் பணம் கிடையாது. அதற்காகப் பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எழுதப்பட்ட யாப்பு (குழுவின் நோக்கத்தையும் விதிகளையும் சொல்லும் ஆவணம்), செயற்குழு, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும்.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. செயற்குழுவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவராவது இருக்க வேண்டும். வங்கியில் கையெழுத்திடுபவர்களுக்கும் இதே விதிதான். இரத்த உறவு மட்டுமல்ல, திருமண உறவும், ஒரே முகவரியில் வசிப்பதும் இதில் அடங்கும். தலைவர் அண்ணன், செயலாளர் மச்சான், பொருளாளர் அண்ணி என்று ஓடும் சங்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

பெயரையும் பாருங்கள். நான் உதவிய ஒரு குழுவின் யாப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’க்குப் பிறகு ஒரு ‘எச்’ போட்டிருந்தார்கள். வங்கிக் கணக்கைத் திறந்தவர் அந்த ‘எச்’சை விட்டுவிட்டார். இரண்டும் ஒரே அமைப்பு என்று நிரூபிக்க ஆறு வாரம் அலைந்தோம். யாப்பிலும் வங்கிக் கூற்றிலும் விண்ணப்பத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

படி 2: உங்கள் வட்டாரத்தின் எண்ணைப் பாருங்கள்

இங்கிலாந்து அரசு பன்முக நலிவுச் சுட்டெண் ஒன்றை வெளியிடுகிறது. நாட்டைச் சராசரியாக 1,500 பேர் வசிக்கும் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீடும் சேவைகளும், சுற்றுச்சூழல் என்ற ஏழு அளவுகோல்களால் வரிசைப்படுத்துகிறார்கள். 2025 பதிப்பில் 33,755 வட்டாரங்கள். முதல் இடத்தில் இருப்பதுதான் மிகவும் நலிந்தது. உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் எண் கிடைத்துவிடும்.

அதை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த எண் பணம் தருபவர்களிடமும் இருக்கிறது. தவிர, அது வட்டாரத்தின் சராசரி. நலிந்த வட்டாரத்தில் வசதியானவர்களும் இருப்பார்கள். வசதியான வட்டாரத்தில், பூஞ்சணம் பிடித்த ஒற்றை அறையில் நான்கு பேர் படுத்துறங்கும் குடும்பமும் இருக்கும்.

படி 3: கேளுங்கள், பிறகு எழுதுங்கள்

எனக்கு வரும் முதல் வரைவுகளில் பாதி, ‘எங்கள் பகுதியில் வறுமை தலைவிரித்தாடுகிறது’ என்ற தொனியில் தொடங்கும். புலம்பலை வாசித்துப் பணம் ஒதுக்குவதில்லை. இந்த யோசனையில் அந்தத் தெருக்காரர்களுக்குப் பங்கு இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பத்திலேயே அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு நூலக வாசலில், பள்ளி வாசலில், கோயில் வாசலில் நில்லுங்கள். முப்பது பேரிடம் பேசினால் போதும். பிறகு இப்படி எழுதலாம்: ‘31 முதியவர்களிடம் பேசினோம். 19 பேர் வாரநாட்களில் தனியாகச் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். நாங்கள் சனிக்கிழமை என்று நினைத்திருந்தோம். அன்று பிள்ளைகள் வருவார்கள், செவ்வாய்க்கிழமை வையுங்கள் என்றார்கள். செவ்வாய்க்கு மாற்றினோம்.’ இது மாதிரிக்குத்தான். உங்கள் எண்களை நீங்களே சேகரிக்க வேண்டும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்துப் பக்கப் புள்ளிவிவரத்தைவிட அதிகம் பேசும்.

கோயிலில் இருந்து செயல்படும் குழுக்களுக்கு ஒன்று: வழிபாட்டுக்கும் மதப் பரப்புரைக்கும் பணம் கிடைக்காது. அதே மண்டபத்தில் எல்லோருக்கும் பொதுவாக நடக்கும் சாப்பாட்டுக்குக் கேட்கலாம்.

படி 4: கணக்கு

40 வாரச் சாப்பாட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: மண்டப வாடகை வாரம் 45 பவுண், மொத்தம் 1,800. 25 பேருக்குத் தலைக்கு 4 பவுண் வீதம் உணவு 4,000. தொண்டர்களின் பயணச் செலவு 560. பொதுப்பொறுப்புக் காப்புறுதி (வந்தவர்களுக்கு ஏதாவது காயமோ இழப்போ நேர்ந்தால் ஈடுகொடுப்பது) 200. பெரிய ரைஸ் குக்கரும் பாத்திரங்களும் 385. கூட்டினால் 6,945. அதையே கேளுங்கள். 7,000 என்று முழு எண்ணாக்கினால், கணக்குப் போடாமல் கேட்டது போலத் தெரியும்.

காப்புறுதியையும் பயணச் செலவையும் பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் யாரோ ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுப்பார், மூன்றாம் மாதம் அவர் வரமாட்டார்.

பிள்ளைகளோடு வேலை செய்வதென்றால் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். தொண்டர்களுக்கான டிபிஎஸ் சான்றுக்கு, அதாவது குற்றப் பின்னணி பார்த்துத் தரும் சான்றுக்கு, அரசுக் கட்டணம் இல்லை. இடையில் நின்று செய்துதரும் அமைப்பு சிறு தொகை கேட்கலாம்.

படி 5: அனுப்பிய பிறகு

முடிவு வர மூன்று நான்கு மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடக்கத் தேதியைக் குறியுங்கள். அதற்கு முன் செய்த செலவை ஈடுசெய்ய மாட்டார்கள். ரைஸ் குக்கர் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

கிடைத்தால் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கடையில் தரும் அந்த வழுவழுப்பான தாளில் மை சில மாதங்களில் வெளிறிவிடும். அரிசி வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பொருளாளருக்கு அனுப்பிவிடுங்கள்.