மீன் தொட்டிக்குத் தீன்: எவ்வளவு போடணும், என்ன போடணும்

முதல்ல ஒண்டு விளங்கிக்கோங்க, மீன் எப்பவும் பசிச்ச மாதிரித்தான் நிக்கும். ஆள் கிட்டப் போனா கண்ணாடியோட வந்து ஒட்டிக்கிட்டு வாயத் திறந்து திறந்து காட்டும், நாமளும் பாவமெண்டு ஒரு பிடி போட்டுருவோம், மறுகா சின்ன மகன் வந்து ஒரு பிடி, உம்மா வந்து ஒரு பிடி. தின்னாம விட்டதெல்லாம் அடியில கிடந்து அழுகி அமோனியாவாகும், அது செவுளப் பழுதாக்க மீன் மேல வந்து வாயப் பிளக்கும், அதையும் பசியெண்டு நினைச்சு இன்னும் அள்ளிப் போடுற ஆக்கள் இரிக்காங்க. வீட்டில தீன் போடுற ஆள் ஒராள்தான் எண்டு வைங்க, பாதிப் பிரச்சின முடிஞ்சிரும்.

அளவு எப்பிடிப் பாக்கிற? கொஞ்சமாப் போட்டுட்டுப் பக்கத்திலயே நில்லுங்க. ரெண்டு நிமிசத்துக்குள்ள தின்டு முடிச்சா அளவு சரி, மிஞ்சி அடிக்குப் போகுதெண்டா அடுத்த நாள் குறைங்க, மிஞ்சினத டியூபால உறிஞ்சி எடுத்துருங்க. வளர்ந்த பெரிய மீனுக்கு ஒரு நாளைக்கு ஒருக்கா, கூடினா ரெண்டுதரம். ஃபைட்டர் மீனுக்கு எண்ணித்தான் போடணும், சின்ன பெலட், அதான் உருண்டைத் தீன், ரெண்டு மூண்டு ஒரு நேரத்துக்குக் காணும். கோல்ட் பிஷ்ஷுக்கு இரைப்பையே இல்ல, அதால ஒரேயடியாக் கொட்டாம ரெண்டா மூண்டாப் பிரிச்சுப் போடுங்க. அது பெலட்ட வாயில எடுத்து, துப்பி, திரும்பி எடுத்து, கடைசியாத் துப்பிட்டுப் போகுதெண்டா ஒண்டில் வயிறு நிறைஞ்சிட்டு, இல்லாட்டி பெலட் பெரிசு. கிழமையில ஒரு நாள் தீன் போடாம விட்டா பெரிய மீனுக்கு ஒண்டும் ஆகாது, நான் வெள்ளிக்கிழமையில போடுறதில்ல.

என்ன போடுறது எண்டா, கப்பி, மொலி மாதிரிச் சின்ன மீனுக்கு நல்ல பிளேக், அதான் செதில் மாதிரித் தீன், போதும், இடைக்கிட அவிச்ச பட்டாணியத் தோல் உரிச்சு நசுக்கிப் போடுங்க, கோல்ட் பிஷ் வயிறு ஊதி நிண்டாலும் அதுதான் கை மருந்து. சக்கர் மீன் அழுக்கத் தின்டு வாழுமெண்டு கடையில சொல்லுவாங்க, நம்பாதீங்க, அதுக்கும் தீன் வேணும், ராவைக்கு லைட்ட ஓஃப் பண்ணிட்டு ஒரு துண்டு கெக்கரிக்காய் போட்டு விடியப் பாருங்க. ஒஸ்கார் மீனுக்கு வாவி இறால் நல்லம், ஆனா அவிச்சு, கோது உரிச்சு, வெட்டிப் போடணும். காஞ்ச கூனியில உப்பு கிடக்கும், ஊற வைச்சுக் கழுவாமப் போடாதீங்க. பாண், சோறு வேணவே வேணாம், தண்ணி பால் மாதிரி ஆகிரும்.

நுளம்புப் புழு மீனுக்கு முதல்தரத் தீன்தான், அதில பேச்சே இல்ல. ஆனா அதுக்காக வாளியில தண்ணி வைச்சு வளர்க்க வெளிக்கிட்டீங்க எண்டா டெங்கு உங்கட வீட்டிலதான் தொடங்கும், ஒரு கிழமை கவனிக்காம விட்டாப் புழு பறந்துரும். 2007ல வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில வழக்கும் வரும். குஞ்சுக்கு வேணுமெண்டா ஆர்டீமியா எண்ட பொடி இறால் மாதிரி உயிரிட முட்டைய உப்புத் தண்ணியில போட்டு, மோட்டரால காத்து விட்டு வைங்க, ஒரு நாளையால பொரிக்கும். அதுவும் இல்லாட்டி அவிச்ச முட்ட மஞ்சக்கரு, ஈக்கில் நுனியில தொட்டுக் கரைக்கிற அளவுதான், அதுக்கு மேல போனா விடியத் தொட்டி நாறும். குஞ்சுக்கு மட்டும் நாளைக்கு மூண்டு நாலுதரம் போடலாம்.

நம்மட பக்கத்து வெயிலையும் யோசிக்கணும். மட்டக்களப்பு, கல்முனையில சித்திரை வைகாசியில தண்ணி நல்லாச் சுடும், சுட்ட தண்ணியில ஒட்சிசன் குறைவு, அந்த நேரம் தீனக் குறைச்சு காலையில வெள்ளனப் போடுங்க. கரண்ட் போய் மோட்டர் நிண்டா, கரண்ட் வந்து கொஞ்ச நேரம் ஓடுமட்டும் ஒண்டுமே போடாதீங்க. புதுத் தொட்டியா இருந்தா முதல் ஒரு மாசம் அரைவாசித் தீன்தான், அழுக்க மாத்திற பக்டீரியா இன்னும் வளரல்ல. மூண்டு நாலு நாள் ஊருக்குப் போறீங்களா, பேசாம விட்டுட்டுப் போங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டப் பக்கற்றக் குடுத்துட்டுப் போறதுதான் பயம். குடுத்தேயாகணுமெண்டா ஒவ்வொரு நாளைக்கும் உரியத வேற வேறயா மடிச்சு வைச்சிட்டு, மிச்சத்த ஒளிச்சு வைங்க.

தீன் பக்கற்றும் சின்னதா வாங்குங்க, பெரிய பேக் விலை குறைவுதான் எண்டாலும் உடைச்சுக் கன நாள் போனா விற்றமின் போயிரும், மாரியில எண்டா ஈரம் பிடிச்சுப் பூஞ்சணமும் வந்துரும். மூடி இறுக்கமான போத்தல்ல போட்டு, ஈரக் கைய உள்ள விடாம எடுங்க. மணம் மாறிட்டா கொட்டுங்க.