டிராப் டாக்சி: புக் செய்யும் போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

வெளியூர் டாக்சியில் தகராறு வருவது பெரும்பாலும் இறங்கும் இடத்தில்தான். போனில் பேசியவர் 'கிலோமீட்டர் 14 ரூபாய்' என்பதோடு வைத்திருப்பார். பேட்டா (டிரைவரின் படி), டோல், மலை ஏற்றக் கட்டணம் எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டியவர் டிரைவர். கெட்ட பெயரும் அவருக்கே. அதனால் கணக்கைப் போனிலேயே பேசி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

ஒருவழி டிராப்புக்குப் பொதுவாகக் குறைந்தது 130 கி.மீ. கணக்கு. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் 75 கி.மீ.தான் என்றாலும் 130-க்குக் காசு கொடுக்க வேண்டும். திருச்சிக்கு ஏறத்தாழ 330 கி.மீ.; 14 ரூபாய் வீதம் 4,620, பேட்டா 400 என்றால் 5,020. டோல் தனி. வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாகக் கேட் இருக்கிறது. வண்டி காலியாகத் திரும்பும் டோலையும் நம் தலையில் கட்டுவார்களா என்று கேளுங்கள், சிலர் கட்டுவார்கள். முடிவில் டிரைவர் போனில் உள்ள ஃபாஸ்டேக் மெசேஜ்களைக் கூட்டிப் பார்த்தால் டோல் கணக்கு நேராகிவிடும்.

போய்வரும் பயணத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இங்கே ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்பது வழக்கம். நாள் என்றால் 24 மணி நேரம் இல்லை; நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. சென்னையிலிருந்து திருவண்ணாமலை போய்வர 380 கி.மீ. என்று வையுங்கள். வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பிச் சனி மாலை திரும்பினால் அது இரண்டு நாள்: 500 கி.மீ., இரண்டு பேட்டா. சனி விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் ஒரே நாள்: ஓடிய 380 கி.மீ., ஒரு பேட்டா. கிலோமீட்டர் 13 ரூபாய், பேட்டா 400 என்றால் வித்தியாசம் 1,960 ரூபாய். டிரைவரும் இரவு தூங்கிவிட்டு வருவார், அதுதான் பெரிய லாபம். கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஷெட் தாம்பரத்தில், வீடு அம்பத்தூரில் என்றால் அந்த ஓட்டமும் பில்லில் ஏறும். ஏறியதும் ஓடோமீட்டரை டிரைவர் எதிரிலேயே போட்டோ எடுங்கள், இறங்கும்போது இன்னொன்று.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் வண்டி எண் முந்தைய நாளே கைக்கு வர வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வண்டி எண் தேவை. கடைசி நிமிடத்தில் வேறு வண்டி அனுப்பினால் பாஸும் புதிதாக எடுக்க வேண்டும்.

நம்பர் போர்டு நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகை வண்டி. எலெக்ட்ரிக் வாடகை வண்டிக்குப் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. ஒயிட் போர்டு கார் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைவாக வரும், ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸில் அதை வாடகைக்கு ஓட்டுவது விதிமீறல். விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியது உள்ளே இருந்தவர்கள்தான். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி தெரிந்துவிடும்.

பெட்டிகள் அதிகம் இருந்தால் வண்டி சிஎன்ஜியா என்று கேளுங்கள். சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். இரண்டு பெரிய சூட்கேஸ் வைத்தால் மூடாது. நான்கு பேர் விமான நிலையம் போவதென்றால் மேலே கேரியர் உள்ள வண்டியாகக் கேளுங்கள், பெட்டிகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். விடிகாலையில் வாசலில் நின்றுகொண்டு வேறு வண்டி தேட முடியாது.