கோரப் படங்களை ஆட்சேபிக்கும்போது ஜூனியர்கள் சறுக்கும் இடங்கள்

கொலை வழக்கு ஒன்றில் அரசுத் தரப்பு ஜூரிக்குக் காட்டவிருக்கும் சடலப் படங்களை எதிர்க்கும் மனுவை எங்கள் அலுவலக ஜூனியர் ஒருவர் திருத்தக் கொடுத்தார். "இணைப்பிலுள்ள எல்லாப் படங்களும் கோரமானவை, அனுமதிக்கக் கூடாது." அவ்வளவுதான். அமெரிக்காவில் டிஃபென்ஸ் வக்கீலாக நான் எழுதிய முதல் மனுவும் ஏறக்குறைய இதே வரிதான். அந்த எரிச்சலில் எழுதுகிறேன். கெடு தாண்டி மனு போடுவதைப் பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. அதற்குக் காலண்டர் போதும்.

தராசு சமமாக நிற்கிறது என்று நம்புவது

1975-இல் அமலுக்கு வந்த அமெரிக்க ஃபெடரல் சான்று விதிகளில் 403-ஆவது விதி என்ன சொல்கிறது? சான்றின் நிரூபண மதிப்பை, அதனால் வரும் நியாயமற்ற பாதிப்பு 'கணிசமாக' விஞ்சினால்தான் நீதிபதி அதை விலக்கலாம். கொஞ்சம் விஞ்சினால் போதாது. தராசு முதலிலேயே படத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 'நியாயமற்ற' என்ற சொல்லையும் கவனியுங்கள். அரசுத் தரப்புச் சான்று என்றாலே கட்சிக்காரருக்குப் பாதகம்தான். குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரி, அதை எடைபோடாமல் கொதித்துப்போய் முடிவெடுக்குமா என்பதே கேள்வி. இந்தியாவில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது பிடிபட நாளாகும். அங்கே குற்ற வழக்குகளில் ஜூரி இல்லை. படம் வேண்டுமா என்று முடிவுசெய்பவரும் தீர்ப்பெழுதுபவரும் ஒருவரே.

மொத்தமாக ஆட்சேபிப்பது

நான் அந்த முதல் மனுவைப் போட்ட வழக்கில், என் கட்சிக்காரர் சம்பவ இடத்திலேயே இல்லை என்பதுதான் எங்கள் வாதம். கத்திக்குத்தில் மரணம் என்பதில் யாருக்கும் தகராறில்லை. அரசுத் தரப்பு 31 படங்களைக் கொண்டுவந்தது. நான் ஒரே வரியில் எல்லாவற்றையும் எதிர்த்தேன்.

"எந்தப் படத்தைச் சொல்கிறீர்கள்?" என்றார் நீதிபதி.

எனக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது: மூன்றாவது படத்தோடு கோப்பை மூடிவைத்திருந்தேன். என்னாலேயே பார்க்க முடியவில்லை என்பதே போதுமான வாதம் என்று நினைத்துவிட்டேன். அரசு வக்கீலோ ஒவ்வொரு படத்துக்கும் காரணம் வைத்திருந்தார்: இது காயத்தின் கோணம், இது ரத்தம் தெறித்த சுவர், இது உடைபடாத கதவு. 31-ம் உள்ளே போயின.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே கழுத்துக் காயம் ஐந்து படங்களில். இன்னும் நான்கு, பிரேதப் பரிசோதனையில் எடுத்தவை. அவற்றில் தெரிந்த வெட்டுகளில் பாதி டாக்டர் போட்டவை. குத்தியது யார் என்பதற்கு இந்த ஒன்பதில் ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. சுவரையும் கதவையும் விட்டுக்கொடுத்து இந்த ஒன்பதை மட்டும் பிடித்திருந்தால் சிலவாவது கழிந்திருக்கும். வரைபடம் போதும் என்றோ, கறுப்பு வெள்ளைப் பிரதி கொடுங்கள் என்றோ கேட்டிருக்கலாம். ஜூரியைப் போல முடிவெடுக்கச் சொல்லி ஆட்களை வைத்து உளவியலாளர் ஜெசிக்கா சலெர்னோ செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கோரப் படங்களை வண்ணத்தில் பார்த்தவர்கள்தான் 'குற்றவாளி' என்ற முடிவுக்கு அதிகம் வந்தார்கள். கறுப்பு வெள்ளையில் அந்த விளைவு இல்லை.

மேல்முறையீட்டில், நீதிபதி தன் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். எடைபோட நான் எதையும் அவர் முன் வைக்கவே இல்லையே!

'ஒப்புக்கொள்கிறோம், படம் வேண்டாம்'

மரணம் எப்படி நேர்ந்தது என்பதை நாமே ஒப்புக்கொண்டால் படம் தேவையில்லை என்று வாதிடலாம். ஆனால் 'ஓல்ட் சீஃப்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த 1997 தீர்ப்பைக் காட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது முந்தைய தண்டனை ஒன்றை ஒப்புக்கொள்வது பற்றியது. பொதுவாக, தன் வழக்கை எந்தச் சான்றால் நிரூபிப்பது என்பது அரசுத் தரப்பின் விருப்பம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இருந்தாலும் ஒப்புதலை எழுத்தில் கொடுங்கள். வேறு வழி இருந்தால் படத்தின் மதிப்பு குறையும்.

நீதிபதி அறிவுறுத்தினால் ஜூரி படத்தை மறந்துவிடும்

மறக்காது.

திரையைக் கவனிக்காதது

எவ்வளவு பெரிதாக, எத்தனை நொடி என்பதையும் முன்பே பேசி உத்தரவு வாங்குங்கள். என் வழக்கில் ஒரு படம், சாட்சி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்க, மதிய இடைவேளை வரை திரையிலேயே நின்றது. ஜூரியில் ஒரு பெண்மணி தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுத்த சாட்சிக்கான குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.